போர் ஓய்ந்த வடக்கும் நம் சமவெளியும்: விற்பதா, கூட்டாகத் தொழில் செய்வதா?

நாமக்கல்லிலிருந்து திருச்சி வழியாக நாகப்பட்டினம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர். கணக்குப் பார்த்தால் நாமக்கல்காரருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் சற்றுப் பக்கம். ஆனாலும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் வணிகம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. நம் பக்கத்துச் சரக்கு கொழும்பில் இறங்குகிறது. அங்கிருந்து ஏ-9 சாலை வழியாக 400 கிலோமீட்டர் வடக்கே போய்த்தான் யாழ்ப்பாணக் கடைக்கு வருகிறது.

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. போர் ஓய்ந்த நிலத்தில் எல்லாமே தேவைப்படும். ஆகவே முதலில் போய்ச் சேர்பவர் நிறையச் சம்பாதிப்பார் என்பது வணிகர்களிடையே உள்ள பழைய நம்பிக்கை. சேலம், நாமக்கல் பகுதித் தொழில்முனைவோரும் இதை அவ்வப்போது பேசுவதுண்டு. முட்டை அனுப்பலாமா, லாரிக்குப் பாடி கட்டித் தரலாமா, போர்வெல் வண்டி கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு மெய்யானது, எங்கே பொய்த்தது என்று பார்க்கலாம். வடக்கு இலங்கையைச் சந்தையாக மட்டும் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது தற்காலிக லாபம். சேலம்–நாமக்கல் சமவெளி அங்கே கொண்டுபோகத் தக்கது சரக்கைவிட, சிறு உடைமையாளர்கள் ஒன்றுகூடித் தொழிலை நிலைநிறுத்திய முறைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வடக்கு இழந்தவை

வட மாகாணம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்களைக் கொண்டது. 2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தரை லட்சத்தைச் சற்றே தாண்டியது. தனிச் சந்தையாக எடுத்துக்கொண்டால் நம் சேலம் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திட்டம் போடுகிற எவரும் முதலில் மனதில் கொள்ளவேண்டிய அளவு இது.

போருக்கு முன் அந்த மண்ணில் தொழில் இல்லாமல் இல்லை. காங்கேசன்துறையில் 1950 முதல் சிமெண்டு ஆலை இயங்கியது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலையும் ஆனையிறவில் உப்பளமும் இருந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகள் நன்றாகச் சம்பாதித்தார்கள். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அந்த வருவாய் சரிந்தது. வெளிச்சரக்கு தடையின்றி வந்தால் என்ன ஆகும் என்பதைப் போருக்கு முன்பே பட்டறிந்தவர்கள் அவர்கள். இன்றைக்கு இந்திய முட்டை, இந்திய வெங்காயம் என்றதும் அங்கே எழும் முணுமுணுப்புக்கு வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

போர் இவற்றை ஒவ்வொன்றாக முடக்கியது. சிமெண்டு ஆலை 1990இல் நின்றது; இன்றுவரை மீண்டும் ஓடவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல், சிமெண்டு, உரம், பேட்டரி எதுவும் ஒழுங்காக வடக்கே போகவில்லை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆலைகள் அழிந்தாலும் பட்டறைக் கைத்திறன் தப்பிப் பிழைத்தது. முதலீட்டாளர்களின் அறிக்கைகளில் இடம்பெறாத சொத்து இது.

2009க்குப் பிறகு வந்தவை

போர் முடிந்ததும் உதவியும் கட்டுமானமும் பெருமளவில் வந்தன. இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித்தருவதாக 2010இல் அறிவித்தது; அவற்றில் பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும் போனது. இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் வடக்கு ரயில் பாதையைத் திரும்பப் போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை பாதை நீண்டது. விவசாயிகளுக்கு 500 டிராக்டர்கள் நன்கொடையாகப் போயின. அச்சுவேலித் தொழிற்பேட்டை இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டது.

தனியார் பணமும் வந்தது; அது பாய்ந்த திசைதான் சிக்கல். தெற்கின் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் ஊருக்கு ஊர் கிளை திறந்தன. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, தொலைக்காட்சி எல்லாம் தவணையில் கிடைத்தன. வருமானம் உருவாவதற்கு முன்பே கடன் வீட்டுக்குள் வந்துவிட்டது. கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பலர் வாரத் தவணை கட்டமுடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கினார்கள். 2018இல் இலங்கை அரசே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்க்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்ற ஆய்வாளர்கள் இந்தப் போக்கைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்தார்கள். உற்பத்திக்கு வழி செய்யாமல் கடனையும் நுகர்வையும் பெருக்கினால் போரின் இழப்பு ஈடாகாது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

ஆலை என்று வந்ததில் குறிப்பிடத்தக்கவை ஆடைத் தொழிற்சாலைகள். எம்.ஏ.எஸ். குழுமம் கிளிநொச்சியில் தையல் ஆலைகளைத் திறந்தது. பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் துணி, நூல், பொத்தான், வடிவமைப்பு, வாங்குவோர் என எல்லாமே வெளியே. ஆலைச் சுவருக்கு அப்பால் ஒரு துணைத்தொழிலும் முளைக்க வழியில்லை. புலம்பெயர்ந்த தமிழரின் பணமோ பெரும்பாலும் வீடு, கோயில் திருப்பணி, கல்யாண மண்டபம், தங்கும் விடுதி என்று போனது. இத்தனைக்குப் பிறகும் இலங்கையின் மொத்த உற்பத்தியில் வட மாகாணத்தின் பங்கு 5 விழுக்காட்டை எட்டவில்லை.

முட்டை வணிகம் காட்டியது

நாமக்கல் மண்டலத்தில் நாள்தோறும் சுமார் 5 கோடி முட்டை உற்பத்தியாகிறது. சத்துணவுத் திட்டமும் கேரளமும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. ஒரு பங்கு வளைகுடாவுக்குக் கப்பலேறுகிறது. இந்த ஏற்றுமதியின் வரலாற்றில் போர் ஓய்ந்த நாடுகளுக்குத் தனி இடம் உண்டு. ஆப்கானிஸ்தான், ஈராக் இரண்டும் நம் முட்டையை வாங்கியவை.

ஈராக்கின் கதையைத் துருக்கியை வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். 2003க்குப் பிறகு ஈராக்கின் பண்ணைகள் சிதைந்து கிடந்தன. பக்கத்து நாடான துருக்கியின் பண்ணைகள் அந்தச் சந்தையை நம்பி விரிந்தன. ஈராக்கின் பண்ணையாளர்கள் மெல்லத் தலைதூக்கியதும், அவர்களைக் காக்க அந்நாட்டு அரசு 2019இல் முட்டை இறக்குமதிக்குத் தடை போட்டது. துருக்கியின் முட்டைத் தொழில் ஒரே ஆண்டில் தன் மிகப்பெரிய வாடிக்கையாளரை இழந்து தள்ளாடியது.

இதே கதை 2023இல் நம் வாசலிலும் நடந்தது. 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்ததில் மக்காச்சோள விளைச்சல் விழுந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட இயலாது என்று அறிவித்தது. டாலர் இல்லாததால் தீவனம், தாய்க்கோழி, தடுப்பு மருந்து எதையும் வேண்டிய அளவுக்கு இறக்குமதி செய்ய முடியவில்லை; பண்ணையாளர்கள் கோழிகளைக் குறைத்தார்கள். போதாக்குறைக்கு அரசு முட்டைக்கு உச்சவிலை நிர்ணயித்தது. முட்டை கிடைப்பதே அரிதானது. 2023 மார்ச்சில் அரசின் வணிகக் கூட்டுத்தாபனம் இந்தியாவிலிருந்து 20 லட்சம் முட்டைகளைக் கொண்ட முதல் சரக்கை இறக்கியது. தொடக்கத்தில் பேக்கரிகளுக்கும் உணவகங்களுக்கும் கொடுத்து, பிறகு பொதுமக்களுக்கும் விற்றார்கள். உள்நாட்டுப் பண்ணையாளர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கோழிகள் மீண்டு விலை இறங்கியதும் இந்திய முட்டையின் தேவையும் வடிந்துவிட்டது.

நெருக்கடியில் முட்டை விற்பதில் பிழையில்லை. பசித்தவருக்குச் சரக்கு கிடைத்தது. நம் பண்ணைக்கும் விலை கிடைத்தது. ஆனால் அதை நம்பி இங்கே ஷெட் கட்டியிருந்தால் துருக்கிக்கு நேர்ந்ததே நமக்கும் நேர்ந்திருக்கும். வாங்குபவர் மீண்டு எழும் நாளில் முடிந்துவிடும் வணிகம் இது. அவர் மீளாமல் இருப்பதில் நமக்கு லாபம் என்ற நிலை வணிகத்துக்கும் நல்லதல்ல, அறத்துக்கும் நல்லதல்ல.

வளைகுடாவிலும் நிலை அவ்வளவு உறுதியில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டதும் நம் முட்டைக்கு வெளிநாட்டுக் கதவுகள் சாத்தப்பட்டன. 2024இல் கத்தார் முட்டையின் எடைக்கு விதி வகுத்ததும், ஓமன் புதிய இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியதும் நாமக்கல்லைத் தடுமாற வைத்தன. ஆகவே கேள்வி இலங்கையைப் பற்றியது மட்டுமில்லை. சரக்கை மட்டும் அனுப்பிப் பழகிய ஒரு வட்டாரம் அடுத்த படிக்கு எப்படிப் போவது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஒப்பந்தமும் நிலமும்

இந்தியா–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இருதரப்பும் வரிச்சலுகை தராத பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டன; இலங்கையின் பட்டியலில் வேளாண் பொருள்கள் நிறைய. சேவைகளையும் முதலீட்டையும் உள்ளடக்கிய விரிவான ஒப்பந்தத்துக்கான பேச்சு 2016 முதல் நடந்தும் நின்றும் வருகிறது.

இந்த ஒப்பந்தம் நல்ல பாடம் ஒன்றையும் தந்தது. தொடக்க ஆண்டுகளில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வனஸ்பதியும் செம்பும் திடீரென்று பெருகி வந்தன. இதற்கு இலங்கையின் எண்ணெய்ப்பனையோ செம்புச் சுரங்கமோ காரணமில்லை. மூலப்பொருளை வெளியிலிருந்து குறைந்த வரியில் இலங்கைக்குக் கொண்டுவந்து, சிறிது பதப்படுத்தி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் அனுப்பலாம் என்பதற்காக இந்தியர்களே அங்கே ஆலை போட்டார்கள். இந்தியா கட்டுப்பாடு விதித்து வரி வேறுபாடும் சுருங்கியதும் ஆலைகள் மூடின. வரி ஓட்டைக்காக வந்த முதலீடு ஓட்டை அடைபட்டதும் போய்விடும்; மண்ணில் எதையும் விட்டுச் செல்லாது.

நிலம் இன்னொரு முடிச்சு. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரும், வெளிநாட்டவர் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களும் இலங்கையில் நிலத்தைச் சொந்தமாக வாங்க இயலாது, குத்தகைக்கு எடுக்கலாம். வடக்கில் அதற்கு மேலும் அடுக்குகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் தேசவழமைச் சட்டம் செல்லும். அதன்படி மணமான பெண் தன் பெயரில் உள்ள நிலத்தைக்கூடக் கணவரின் ஒப்புதலின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கூட்டு உடைமையாளர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. கணவர் காணாமற்போய், இறப்புச் சான்றிதழும் இல்லாத வீட்டில் ஒரு சிறு தொழிலுக்கு நிலத்தை ஈடாகக் காட்டுவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்கலாம். பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் ஒருபுறம், உறவினர் பத்து நாடுகளில் சிதறியவர்கள் ஒருபுறம். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த நிலங்கள் தவணை தவணையாகத்தான் திரும்பின. வாங்கிப் போட்டால் விலை ஏறும் என்ற நம் ஊர் நில வணிகக் கணக்கோடு அங்கே போகிறவர் வழக்கோடுதான் திரும்புவார்.

நம் பக்கத்துச் சட்டத்தில் வாய்ப்புக்கு வழி திறந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி நிறுவனங்கள் மட்டுமின்றி, பதிவு செய்த கூட்டாண்மை நிறுவனங்களும் வெளிநாட்டுத் தொழிலில் நேரடியாக முதலிடலாம். தனிநபர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்குள் முதலிடலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரப் பட்டறைகளும் பண்ணைகளும் பெரும்பாலும் கூட்டாண்மையில் நடப்பவை. விதி அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர் அரிது.

வழி திறக்கும் வேகம்

தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914இல் தொடங்கி, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்தது; 1980களில் போர் அதை நிறுத்தியது. அதன் பிறகு நேர்க் கடல்வழிக்கு ஒரு தலைமுறை காத்திருந்தது. 2023 அக்டோபர் 14இல் நாகை–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கி ஒரு வாரத்திலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மீண்டது. பருவமழையில் அதற்கு விடுமுறை. பயணிகளின் மூட்டையைத் தாண்டிச் சரக்குப் போக்குவரத்து இன்னும் வளரவில்லை.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க முதலில் கடனாகப் பேசப்பட்ட இந்திய உதவி, 2024இல் 6 கோடி டாலருக்கு மேற்பட்ட முழு நன்கொடையாக மாறியது. ஆழம் கூட்டி, அலைதாங்கி சீரமைத்து, சுங்கமும் கால்நடை, தாவர நோய்த்தடுப்புச் சோதனைக்கூடமும் அங்கேயே அமைந்தால்தான் அது வணிகத் துறைமுகம். சோதனைக்குக் கொழும்பு போகவேண்டுமானால் கப்பல் மட்டும் வந்து பயனில்லை. வான்வழி இதைவிட முன்னேறியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டு, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. சென்னையோடு திருச்சியிலிருந்தும் விமானம் பறக்கத் தொடங்கியது. காலையில் நாமக்கல்லில் புறப்படும் ஒருவர் அன்றைக்கே யாழ்ப்பாணப் பட்டறை ஒன்றைப் பார்த்துப் பேசலாம். சரக்கைவிட ஆள் எளிதாகப் போய்வர முடிகிற நிலை இது. தொழிலறிவைக் கொண்டுசெல்வதற்கு இது போதும்.

சமவெளியின் கையிருப்பு

இந்த வட்டாரம் எப்படி வளர்ந்தது என்பதை மறந்துவிட்டு அங்கே எதைக் கொண்டுபோகலாம் என்று கேட்பது வீண். ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். மலாயா, சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி இரண்டாம் உலகப் போரில் நின்றது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பொபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சியில் இறங்கினார்கள். போர் அடைத்த வணிகம் இங்கே ஒரு தொழிலாக முளைத்தது. போர் முடிந்தும் அது மறையவில்லை. ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் என்று கிழங்கு பயிரிடும் நிலம் விரிந்தது. வியாபாரிகளின் பிடியிலிருந்து விலையை விடுவிக்க 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது.

முட்டையிலும் இதுவே நடந்தது. விலையை வியாபாரி சொல்லி, பண்ணையாளர் தலையாட்டிய காலத்தை 1982இல் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மாற்றியது. விலையைப் பண்ணையாளரே அறிவிக்கும் வழக்கம் வந்தது. லாரித் தொழிலுக்கும் பெரிய முதலாளி கிடையாது. ஓட்டுநராக இருந்தவர் ஒரு வண்டி வாங்கினார். சீட்டுப் பணமும் உள்ளூர் ஃபைனான்சும் கைகொடுத்தன. பாடி கட்டும் பட்டறை, ஸ்பிரிங் கடை, டிங்கர், பெயின்டர் என்று தெருவே தொழிலானது. எந்த நாட்டு முதலீடும் இங்கே வந்து இதைச் செய்யவில்லை. சிறு உடைமையாளர் பலர், அவர்களுக்கு நடுவே பொதுவான விலை, விற்பனை, கடன் ஏற்பாடு: இதுதான் இச்சமவெளியின் முதல். போர் வடக்கில் வேரோடு பிடுங்கியதும் இதே நடு அடுக்கைத்தான்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் பட்டியல் மாறுகிறது. முட்டைக்குப் பதில் முட்டைத் தொழிலின் உறுப்புகள் முன்னே வரும். இலங்கையின் முட்டைக்கோழிப் பண்ணைகள் குருநாகல், புத்தளம் அடங்கிய வடமேற்கு மாகாணத்தில் குவிந்திருக்கின்றன. வடக்கு வெளியிலிருந்துதான் வாங்குகிறது. வவுனியா, கிளிநொச்சிப் பகுதியில் மக்காச்சோளமும், அதை அரைக்கும் சிறு தீவன ஆலையும், சில நூறு கோழிகள் வைத்த பண்ணைகளும் கூட்டுறவின் கீழ் இணைந்தால் தொழில் ஒன்று உருவாகும். கூண்டு, தீவன ஆலைக்கான இயந்திரம், நோய்க்கணிப்பு, பண்ணைக் கணக்கு ஆகியவற்றில் நாமக்கல்லுக்கு அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. இங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் துணைக்கு உண்டு.

லாரிப் பட்டறைக்கும் காலம் கூடிவந்திருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கை நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. ஐந்து ஆண்டு பழசான வண்டிகள் புதுப்பிப்புக்கு நிற்கின்றன. கட்டிய பாடியைக் கப்பலேற்றுவது செலவு. அச்சும் அளவும் கைப்பழக்கமும் கொண்டுபோய், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மெக்கானிக்குகளின் பட்டறையிலேயே கட்டினால் செலவும் குறையும், வேலையும் அங்கே தங்கும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றும் போர்வெல்லில்தான் எச்சரிக்கை வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன, ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கின்றன. ஆனால் அவை பழகியது கரும்பாறை நிலம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது. ஆழத் துளைத்து அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனம் இழப்பீடு கட்டுமாறு 2019இல் தீர்ப்பானது. நிலத்தடி நீரைப் பற்றி அங்குள்ளவர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றும் பணியும் இன்னும் முழுதாக முடியவில்லை. இலாபம் தெரியும் இடத்தில் இறங்காமல் நிற்பதும் முதலீட்டு அறிவுதான்.

நம்மிடம் இன்னொரு கையிருப்பும் உண்டு. சேலத்தில் குறுக்குப்பட்டி, தாரமங்கலம் பவளத்தானூர், நாமக்கல்லில் பரமத்தி, எருமப்பட்டி என்று இவ்வட்டாரத்தின் மறுவாழ்வு முகாம்களில் ஈழத்தமிழர் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். பெயின்டிங், கட்டட வேலை என்று இச்சமவெளியின் தொழில்களில் அவர்கள் உழைத்திருக்கிறார்கள். ஊர் திரும்ப நினைப்பவருக்குத் தொழிற்பயிற்சியும் சிறு முதலும் கூட்டாளியும் சேர்த்துக் கொடுத்தால், இரு கரையின் வழக்கமும் தெரிந்த தொழில்முனைவோர் கிடைப்பார்கள். 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டம் வீடு, கல்வி, வாழ்வாதாரத்தை நோக்கியது. திரும்பிப் போய்த் தொழில் தொடங்குவோருக்கும் அதைப்போல ஒரு கதவு வேண்டும்.

பிற நாடுகளின் பட்டறிவு

மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992இல் ரோம் உடன்படிக்கையோடு முடிந்தது. 2000இல் மொசால் என்ற பெரும் அலுமினிய ஆலை தலைநகர் மபுட்டோ அருகே உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் ஒரே பாய்ச்சலில் உயர்ந்தது. மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தது, அலுமினியம் வெளியே போனது. நாட்டின் உழவருக்கோ சிறு பட்டறைக்கோ அதில் இடம் குறைவு.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு நடந்தது வேறு. காபியைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையங்கள் 2000இல் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. பத்தாண்டில் நூற்றைத் தாண்டின. சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஈரப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்; தரம் உயர்ந்து வெளிநாட்டு வாங்குவோர் நேரே வந்தார்கள். பகை கொண்ட இரு சமூகத்தார் ஒரே நிலையத்தில் வேலை செய்தார்கள். செலவான பணம் மொசாலுக்கு முன் சொற்பம். ஆனால் அது இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஏற்கெனவே செய்துவந்த தொழிலின் மேல் ஏறி நின்றது.

வடக்கு இலங்கையில் அத்தகைய அடித்தளம் இருக்கிறது. கடன் கூட்டுறவு, மீனவர் கூட்டுறவு, பனை தென்னை வளக் கூட்டுறவு என்று ஊர்தோறும் சங்கங்கள் போருக்குள்ளும் உயிரோடிருந்தன. அவற்றுக்கு நிர்வாகக் குறைகள் உண்டு, அரசியல் தலையீடும் உண்டு. ஆனாலும் ஊராரின் நம்பிக்கை அவற்றோடு இருக்கிறது.

ஐயமும் அரசியலும்

பெரிய முதலீடு அங்கே எப்படி முடிகிறது என்பதற்கு மன்னார் சான்று. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்துக்கு அதானி குழுமம் 2023இல் அனுமதி பெற்றது. டெண்டர் இல்லாமல் கொடுத்தார்கள் என்ற குறை, மின்விலை அதிகம் என்ற வாதம், வலசைப் பறவைகளின் வழி என்ற சூழலியல் எதிர்ப்பு, எல்லாம் சேர்ந்தன. அடுத்து வந்த இலங்கை அரசு விலையை மறுபேச்சுக்கு எடுத்ததும் 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகியது. தில்லிக்கும் கொழும்புக்கும் இடையே முடிவாகும் திட்டத்தில் மன்னார் மீனவருக்கு இடம் இல்லையென்றால் அது இப்படித்தான் ஊசலாடும்.

இழுவை மடிப் பிரச்சினையும் சேர்ந்தே வருகிறது. தமிழகப் படகுகள் வடக்குக் கடலில் இழுவை மடி போடுவதில் அங்குள்ள தமிழ் மீனவர் வலையையும் வருவாயையும் இழக்கிறார்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசுகிறவர்கள் வலை கிழிவதைப் பேசுவதில்லை என்ற மனத்தாங்கல் அங்கே ஆழமானது. சேலத்துக்குக் கடல் இல்லை என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து வரும் எந்த முதலாளியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டியிருக்கும். தெற்கிலோ, இந்தியர் வந்தால் வேலையைப் பறிப்பார்கள் என்ற அச்சம் பழையது. இந்த இரு ஐயங்களுக்கும் நடுவே பங்கின் பெரும்பகுதி உள்ளூர்க் கூட்டாளியிடம் இருக்கும் சிறிய தொழில்களுக்கே நடமாட இடமுண்டு.

செய்யத்தக்கவை

முதலாவது, தனி முதலாளியாகப் போகாமல் சங்கமாகப் போகவேண்டும். நாமக்கல் பண்ணையாளர் அமைப்பும் சேகோசர்வும் பாடி கட்டுவோர் சங்கமும் வடக்கின் கூட்டுறவுகளோடு நேராகப் பேசலாம். ஆண்டுதோறும் சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடக்கும் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி அதற்கான இடம். அங்கே இதுவரை சேலையும் ஊறுகாயும் விற்றது போதும். இயந்திரமும் பயிற்சியும் பேசப்படட்டும்.

இரண்டாவது, பங்கு அளவு. நம்மவர் பாதிக்குக் குறைவாக வைத்துக்கொண்டு, இயந்திரத்தையும் தொழிலறிவையும் முதலாகப் போட்டால் நிலச்சட்டத்தின் தடையும் குறையும், உள்ளூர் எதிர்ப்பும் குறையும். இலாபம் மெதுவாகத்தான் வரும். இலங்கை ரூபாயின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பொறுமை உள்ளவர் மட்டும் இறங்கவேண்டும். 2022 செப்டம்பரில் அந்நாட்டுப் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டதை மறக்கலாகாது.

மூன்றாவது, சந்தையைப் பத்தரை லட்சம் பேரோடு நிறுத்தாமல், வடக்கில் செய்வது இலங்கை முழுவதற்கும் போகும்படி திட்டமிடவேண்டும். சிங்கள வணிகரும் வாங்கும் பொருளாக இருந்தால்தான் தொழில் நிலைக்கும். அமைதிக்கும் அதில் பங்குண்டு.

நான்காவது, அரசுகளின் கடமை. காங்கேசன்துறைக்குச் சரக்குச் சோதனை வசதி, திரும்பிச் செல்லும் முகாம்வாசிகளுக்கு முதல், ஏற்றுமதிக் கடன் காப்புறுதி சிறு பட்டறைக்கும் எட்டும்படி எளிய நடைமுறை. இவை மூன்றும் பெரிய தொகை கேட்பவை அல்ல.

நெருக்கடி வந்தால் முட்டை விற்கத்தான் செய்வோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நெருக்கடியில் கிளிநொச்சி தன் முட்டையைத் தானே உற்பத்தி செய்கிற நிலையிலிருந்தால் நாமக்கல்லுக்கு நட்டம் என்று கருதவேண்டியதில்லை. அந்தப் பண்ணைகளின் கூண்டிலும் தீவன ஆலையிலும் நம் பட்டறைகளுக்குப் பங்கு இருக்குமானால், ஆண்டுக்கு ஆண்டு உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் புதிய கிளையுமாக அந்த வருவாய் தொடரும். முட்டைக் கப்பல் அதைத் தராது.